இடமாறு தோற்றத்தைத் தலைகீழாக்கும் முன்

கயா விண்கலத்தின் தரவுக் களஞ்சியத்தைத் திறந்து, ஏதாவது ஒரு வானப் பகுதியின் விண்மீன் பட்டியலை முதன்முதலாக இறக்கிக்கொள்பவர் அடுத்து என்ன செய்வார்? எக்செல்லிலோ பைத்தானிலோ புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்து, அதில் ஒன்றை இடமாறு தோற்றத்தால் வகுத்துப் போடுவார். பள்ளியில் படித்த சூத்திரம் அதுதான். பட்டியலைக் கீழே இழுத்துக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் மைனஸ் 340 பார்செக் என்று ஒரு விண்மீன் நிற்கும். இன்னும் கொஞ்சம் கீழே மைனஸ் 12,500 பார்செக். தொலைவு எப்படி மைனஸில் வரும்? ஏதோ கோளாறு என்று அந்த வரிகளை அழித்துவிட்டு மேலே போய்விடுவார்கள்.

அழித்த வரிகளில் கோளாறு எதுவும் இல்லை. அழித்ததால், மிச்சமிருக்கும் பட்டியலில்தான் கோளாறு புகுந்துவிட்டது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அலகுகளைச் சரிபார்த்துக்கொள்வோம். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. பூமி சூரியனைச் சுற்றிவரும்போது பக்கத்து விண்மீன் ஒன்று பின்னணியில் முன்னும் பின்னும் அசைவதுபோலத் தோன்றும். அந்த அசைவின் அரைப்பங்குதான் இடமாறு தோற்றம். அது ஒரு விகலையாக இருந்தால் விண்மீன் ஒரு பார்செக் தொலைவில், அதாவது 3.26 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. மில்லிவிகலையில் அளந்தால் தலைகீழி கிலோபார்செக்கில் வரும்.

1838இல் வானியலாளர் பெஸ்ஸல் கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து 61 சிக்னி என்ற விண்மீனுக்கு இதை அளந்தபோது அவருக்குக் கிடைத்தது 0.314 விகலை. தம் அளவின் பிழை சுமார் 0.020 என்றும் அவர் சேர்த்தே வெளியிட்டார். இன்று நமக்குத் தெரிந்த மதிப்பு 0.286. பெஸ்ஸல் விலகியது தாமே சொன்ன பிழையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் குறைவு. 180 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு எண்ணை இன்றும் நாம் மதிப்பிட முடிவது, பக்கத்தில் பிழையும் எழுதப்பட்டிருப்பதால்தான்.

கயாவின் பட்டியலிலும் ஒவ்வொரு இடமாறு தோற்றத்துக்கும் பக்கத்திலேயே அதன் பிழைக்கு ஒரு பத்தி உண்டு. 2022 ஜூன் 13 அன்று வந்த மூன்றாம் வெளியீட்டில் சுமார் 146 கோடி மூலங்களுக்கு இடமாறு தோற்றம் இருக்கிறது. 15ஆம் பருமனைவிடப் பிரகாசமானவற்றுக்கு (பருமன் எண் கூடக்கூட விண்மீன் மங்கல்) பிழை சுமார் 0.02 முதல் 0.03 மில்லிவிகலை. 17ஆம் பருமனில் 0.07. 20ஆம் பருமனில் 0.5. கயாவின் பட்டியலில் பெரும்பான்மை மங்கலான விண்மீன்களே. ஆகவே உங்கள் கைக்கு வரும் வரிகளில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி எண்ணுக்கு அருகில்தான் இருக்கும்.

இப்போது மைனஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கயா இடமாறு தோற்றத்தை அளவுகோல் வைத்து நேரடியாக அளக்கவில்லை. ஒரு விண்மீனைப் பல ஆண்டுகளில் பல முறை கடந்துபோனது. ஒவ்வொரு முறையும் அதன் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டது. பிறகு அந்தக் குறிப்புகளுக்குள் ஐந்து தெரியாதவற்றைப் பொருத்துகிறார்கள்: இருப்பிடத்துக்கு இரண்டு, விண்மீனின் சொந்த நகர்வுக்கு இரண்டு, ஆண்டுக்கொரு முறை வரும் அசைவின் அளவுக்கு ஒன்று. அந்த ஐந்தாவதுதான் இடமாறு தோற்றம். விண்மீன் வெகு தொலைவில் இருந்து உண்மையான அசைவு பிழையைவிடச் சிறியதாகிவிட்டால், இரைச்சல் அந்த அசைவை எதிர்த்திசையில் காட்டக்கூடும். அப்போது பொருத்தம் தரும் எண் மைனஸ். 5 கிலோபார்செக் தொலைவில் 20ஆம் பருமனில் ஒரு விண்மீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உண்மையான இடமாறு தோற்றம் 0.2, பிழை 0.5. இயல்நிலைப் பரவல் அட்டவணையைப் பார்த்தால், அது மைனஸாக அளக்கப்படுவதற்கான நிகழ்தகவு 34 சதவீதம். இத்தகைய விண்மீன்களில் மூன்றில் ஒன்று மைனஸில் வராவிட்டால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

அளவில் பிழை இரண்டு பக்கமும் சமமாகத்தான் பரவுகிறது. அதைத் தலைகீழாக்கியதும் அந்தச் சமநிலை போய்விடுகிறது. இடமாறு தோற்றம் 1, பிழை 0.2 என்றால் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 0.8 முதல் 1.2 வரை. தொலைவாக மாற்றினால் 1250 பார்செக் முதல் 833 வரை. மையமான 1000இலிருந்து ஒரு பக்கம் 250, மறுபக்கம் 167. இது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். இடமாறு தோற்றம் 0.4 ஆகவும் பிழை அதே 0.2 ஆகவும் இருந்தால் வீச்சு 1.67 முதல் 5 கிலோபார்செக் வரை. இரண்டு திட்ட விலக்கம் கீழே போனால் பூஜ்யம், தொலைவு முடிவிலி. ஆய்வுக் கட்டுரைகளில்கூடச் சில சமயம் இங்கே "2.5 ± 1.25 கிலோபார்செக்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பிழைப் பரவலுக்கான பாடநூல் சூத்திரத்தை அப்படியே போட்டால் அந்த எண்தான் வரும். பிழை சிறிதாக இருக்கும்போது மட்டுமே அந்தச் சூத்திரம் செல்லும் என்ற அடிக்குறிப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு விண்மீன் கொத்தை எடுத்துக்கொண்டால் இதன் விபரீதம் நன்றாகத் தெரியும். கணக்குக்காக ஐந்து எண்கள் தருகிறேன். கொத்து 2 கிலோபார்செக்கில் இருக்கிறது. எல்லா உறுப்பினர்களுக்கும் பிழை 0.2. அளந்து கிடைத்தவை 0.71, 0.38, 0.52, 0.09, 0.80. ஒவ்வொன்றையும் தொலைவாக மாற்றினால் 1.41, 2.63, 1.92, 11.11, 1.25 கிலோபார்செக். அவற்றின் சராசரி 3.66. உண்மையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரு மடங்கு. இதே ஐந்தையும் மாற்றாமல் முதலில் சராசரி எடுத்தால் 0.50, பிறகு ஒரே ஒரு முறை தலைகீழாக்கினால் 2.0 கிலோபார்செக். பிழை 0.2ஐ ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.09, ஆகவே கொத்து 1.7க்கும் 2.4க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று சொல்லலாம். 0.09 என்ற அந்த நான்காவது விண்மீன் செய்த குழப்பம்தான் முதல் கணக்கு முழுவதும். அதை "புறத்தே கிடக்கும் மதிப்பு" என்று தூக்கிப்போடத் தோன்றும். அது மையத்திலிருந்து இரண்டு திட்ட விலக்கம்தான் தள்ளி இருக்கிறது. அதை வில்லனாக்கியது நாம் போட்ட வகுத்தல்.

(தொலைவுகளின் சராசரிக்குப் பதில் இடைநிலை எடுத்திருந்தால் 1.92 வந்திருக்கும். எல்லா எண்களும் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை தலைகீழாக்குவது வரிசையைத் திருப்பிப் போடுமே தவிர, நடுவில் இருப்பதை நகர்த்தாது. அவசரத்துக்கு உதவும். ஒரு மைனஸ் புகுந்துவிட்டால் அதுவும் கைவிடும்.)

ஆகவே இந்த நூலில் திரும்பத் திரும்ப வரப்போகும் வழக்கம் இது: அளந்ததை உங்களுக்கு வேண்டிய அளவாக மாற்றி ஒப்பிடாதீர்கள். உங்கள் கருதுகோளை அளந்த அளவாக மாற்றி ஒப்பிடுங்கள். கொத்து 2 கிலோபார்செக்கில் இருக்கிறது என்பது கருதுகோள் என்றால், அதன்படி இடமாறு தோற்றம் 0.5 ஆக இருக்க வேண்டும். ஐந்து அளவுகளும் 0.5ஐச் சுற்றி 0.2 அளவில் சிதறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிழைகள் எந்த அளவில் ஒழுங்காகப் பரவுகின்றனவோ அந்த அளவிலேயே புள்ளியியலை நடத்த வேண்டும். விண்மீனின் தனிப்பருமனைக் கண்டுபிடிக்கும்போதும் இதே கதைதான். அங்கே மடக்கையும் சேர்ந்துகொள்கிறது, மைனஸுக்கு மடக்கையே கிடையாது.

வரிகளை அழிப்பதற்கு வருவோம். மைனஸை மட்டும் அழிப்பவர் கொஞ்சம்தான் கெடுக்கிறார். பெரிய கேடு, "தரமான தரவு மட்டும்" என்ற பெயரில் நடக்கிறது. இடமாறு தோற்றத்தைப் பிழையால் வகுத்த எண் பட்டியலிலேயே தனிப் பத்தியாக இருக்கிறது. அது ஐந்துக்கு மேல் அல்லது பத்துக்கு மேல் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்வது பலருக்கும் பழக்கம். சரியாக 1 கிலோபார்செக்கில் ஒரு கொத்து, எல்லோருக்கும் பிழை 0.2. ஐந்துக்கு மேல் என்று வெட்டினால் 1.0க்கு மேல் அளக்கப்பட்டவை மட்டும் தேறும். அதாவது தற்செயலாகக் கூடுதல் பக்கம் விழுந்த பாதி உள்ளே, குறைவுப் பக்கம் விழுந்த பாதி வெளியே. உள்ளே இருப்பவற்றின் சராசரி 1.16. தொலைவு 862 பார்செக். எத்தனை ஆயிரம் விண்மீன்களைச் சேர்த்தாலும் இந்த 862 மாறாது. பிழைக்கோடு மட்டும் குறுகிக்கொண்டே போய், தவறான விடையை மேலும் மேலும் உறுதியாகச் சொல்லும். வெட்டாமல் எல்லோரையும் எடுத்திருந்தால் 1000 வந்திருக்கும்.

வெட்டத்தான் வேண்டும் என்றால் இடமாறு தோற்றத்தோடு சம்பந்தமில்லாத ஒன்றை வைத்து வெட்டுங்கள்: பருமன், நிறம், வானில் இருப்பிடம், சொந்த நகர்வு. பொருத்தம் சரியில்லாத விண்மீன்களை விலக்க ருவே (RUWE) என்ற எண் பட்டியலில் இருக்கிறது. நல்ல பொருத்தத்துக்கு அது ஒன்றை ஒட்டி இருக்கும், 1.4ஐத் தாண்டினால் பெரும்பாலும் இரட்டை விண்மீன் அல்லது நெருக்கடியான இடம். அதை வைத்து வெட்டுவதில் இந்த ஆபத்து இல்லை.

கொத்து இல்லை, கையில் இருப்பது ஒரே ஒரு விண்மீன், அதன் தொலைவு கட்டாயம் வேண்டும் என்றால்? அப்போது பேயீஸ் தேற்றத்தைத் தவிர்க்க முடியாது. அளவைப் பார்க்கும் முன்பே நமக்குச் சில விஷயங்கள் தெரியும் (இதுதான் முன் நிகழ்தகவு; அளவையும் சேர்த்தபின் கிடைப்பது பின் நிகழ்தகவு). தொலைவு மைனஸாகாது. ஒரே கோணத்தில் பார்க்கும்போது தூரம் போகப் போக இடம் விரிகிறது; தொலைவின் வர்க்கத்துக்கேற்ப விண்மீன்களும் கூடும். ஆகவே பிழையோடு அளக்கப்பட்ட ஒரு விண்மீன், தொலைவிலிருந்து தவறி அருகில் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1973இல் லட்ஸும் கெல்கரும் கணக்குப் போட்டுக் காட்டியது இந்தச் சாய்வைத்தான். அண்டம் எல்லாத் திசையிலும் முடிவில்லாமல் ஒரே அடர்த்தியில் நீள்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டதால், பிழை இடமாறு தோற்றத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டியதும் பின் நிகழ்தகவுக்கு முகடே இல்லாமல் போய்விடுகிறது. பால்வீதிக்கு ஓர் எல்லை உண்டு என்பதைச் சேர்த்தால் இந்தச் சிக்கல் தீரும். ஹைடல்பெர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனத்தின் பெய்லர்-ஜோன்ஸ் 2015இல் முன்வைத்த வடிவம் எளிமையானது: விண்மீன்களின் அடர்த்தி தொலைவோடு அடுக்குக்குறியாகத் தேய்கிறது, அது தேயும் வேகத்தை ஓர் அளவுநீளம் சொல்கிறது. பின் நிகழ்தகவின் முகட்டைக் கண்டுபிடிக்க ஒரு முப்படிச் சமன்பாடு போதும்:

தொ³/நீ − 2தொ² + இ·தொ/பி² − 1/பி² = 0

தொ தொலைவு, நீ அளவுநீளம், இரண்டும் கிலோபார்செக்கில். இ இடமாறு தோற்றம், பி அதன் பிழை, இரண்டும் மில்லிவிகலையில். கால்குலேட்டர் வைத்தே போட்டுப் பார்க்கலாம். போட்டும் பாருங்கள், கணினி நிரலுக்குள் ஒளிந்திருக்கும்போது வராத புரிதல் கையால் போடும்போது வரும்.

முதல் விண்மீன்: இ 1, பி 0.2. அளவுநீளம் 1.35 என்று எடுத்தால் தொலைவு 1.05 கிலோபார்செக். அளவுநீளத்தை 0.5 என்று மாற்றினால் 1.00. முன் நிகழ்தகவை இவ்வளவு மாற்றியும் விடை ஐந்து சதவீதம்தான் நகர்ந்தது. இரண்டாவது: இ 0.4, பி 0.2. 1.35 வைத்தால் 2.57, 0.5 வைத்தால் 1.88. மூன்றாவது மைனஸ் விண்மீன்: இ −0.1, பி 0.2. இப்போது முறையே 4.84, 2.91.

மூன்றாவது விண்மீனுக்கும் விடை கிடைத்துவிட்டதே என்று மகிழ வேண்டாம். "இது அருகில் இல்லை" என்பதற்கு மேல் அந்த அளவு எதையும் சொல்லவில்லை. மிச்சத்தைச் சொன்னது நாம் வைத்த அளவுநீளம். பேயீஸ் முறையை எதிர்ப்பவர்கள் இதைத்தான் குற்றமாகச் சொல்வார்கள். என் கருத்தில் இதுவே அந்த முறையின் பலம்: நாம் எதை நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பதை அது காகிதத்தில் எழுதவைக்கிறது. வெறுமனே தலைகீழாக்குபவரும் ஒரு நம்பிக்கையோடுதான் தலைகீழாக்குகிறார். அதை அவர் எழுதுவதில்லை, அவ்வளவுதான். எனவே நடைமுறை விதி இது: எந்தத் தொலைவை வெளியிடும் முன்பும் அளவுநீளத்தைப் பாதியாக்கியும் இரட்டித்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விடை கூடவே நகர்ந்தால், அதை அளவிட்ட தொலைவு என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை.

பெய்லர்-ஜோன்ஸ் குழு 2021இல் சுமார் 147 கோடி மூலங்களுக்கு இப்படிப் போட்ட தொலைவுப் பட்டியலை இலவசமாகவே தந்திருக்கிறது. அவர்களுடைய அளவுநீளம் வானத்தின் பகுதிக்குப் பகுதி மாறும். நம் முப்படிச் சமன்பாட்டைவிட நுட்பமானது. தனி விண்மீனுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு கொத்தின் உறுப்பினர்களுடைய தொலைவுகளை அதிலிருந்து எடுத்துச் சராசரி போடக் கூடாது. ஒவ்வொரு தொலைவிலும் முன் நிகழ்தகவு ஒருமுறை கலந்திருக்கிறது. நூறு விண்மீன்களைச் சேர்த்தால் ஒரே முன்னனுமானத்தை நூறு முறை எண்ணியதாகிவிடும். கொத்துக்கு அளவுகளைச் சேர்த்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு முறை முன் நிகழ்தகவைப் போட வேண்டும்.

இதுவரை பேசியது தற்செயல் பிழை. எண்ணிக்கை கூடினாலும் குறையாத பிழையும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க கயா குழுவினர் செய்தது எளிய காரியம். குவாசார்கள் நூற்றுக்கணக்கான கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பவை. அவற்றின் இடமாறு தோற்றம் நமக்குப் பூஜ்யம்தான். சுமார் 16 லட்சம் குவாசார் போன்ற மூலங்களை எடுத்து இடைநிலை பார்த்தால் பூஜ்யம் வரவில்லை, மைனஸ் 0.017 மில்லிவிகலை வந்தது. இரண்டாம் வெளியீட்டில் அது மைனஸ் 0.029. முழுப் பட்டியலும் அந்த அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. அருகில் உள்ள விண்மீனுக்கு இது பொருட்டல்ல. பட்டியலில் 0.2 என்று இருக்கும் ஒன்றுக்கு 0.017ஐக் கூட்டினால் 5 கிலோபார்செக் 4.6 ஆகிவிடும். அந்த இறக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவும் இல்லை. பருமனுக்கும் நிறத்துக்கும் இருப்பிடத்துக்கும் ஏற்ப மாறுகிறது. அதற்கான சூத்திரத்தையும் பைத்தான் நிரலையும் கயா குழுவே வெளியிட்டிருக்கிறது. அண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹப்பிள் மாறிலி பற்றிய சர்ச்சையில் செஃபீடு விண்மீன்களைப் பற்றி நடக்கும் வாதங்களில் இந்தச் சிறிய எண்ணுக்கும் பங்கு உண்டு.

வானில் பக்கத்துப் பக்கத்து விண்மீன்களின் பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டுறவு கொண்டிருப்பது இதைவிடத் தொல்லை. கயா ஒரே கடப்பில் அவற்றை ஒன்றாகப் பார்த்ததால் தவறினால் ஒன்றாகத் தவறும். ஆயிரம் உறுப்பினர்களுக்குப் பிழை 0.05 என்றால், வர்க்கமூல விதிப்படி சராசரியின் பிழை 0.0016 ஆக வேண்டும். நடைமுறையில் ஒரு கொத்துக்கு 0.01ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது.

கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் இது பெரிய வழக்கானது. கயாவுக்கு முந்தைய ஹிப்பார்கஸ் விண்கலத்தின் பட்டியல் 1997இல் வந்தபோது, கூட்டத்தின் தொலைவு சுமார் 118 பார்செக் என்று கிடைத்தது. விண்மீன்களின் பிரகாசத்தையும் நிறத்தையும் வைத்துப் போட்ட பழைய கணக்குகள் 130க்கு மேல் சொல்லிவந்தன. ஹிப்பார்கஸ் சரியென்றால் விண்மீன்களின் உள்ளமைப்பு பற்றிய கோட்பாட்டையே திருத்த வேண்டும். தரவை மறுபடி அலசி 2009இல் வெளியான மதிப்பும் 120.2 ± 1.9 பார்செக். ஹப்பிள் தொலைநோக்கி 2005இல் 134.6 ± 3.1 என்றது. 2014இல் கண்டங்கள் தாண்டிய ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அளந்தபோது 136.2 ± 1.2 வந்தது. பிறகு கயாவும் 136ஐ ஒட்டியே நின்றது. பிழைக்கோட்டை அப்படியே நம்பினால் ஹிப்பார்கஸ் பல திட்ட விலக்கங்கள் தவறியிருக்கிறது. கூட்டத்தின் சிறு பரப்பில் நெருங்கிக் கிடந்த விண்மீன்களின் ஒட்டுறவுப் பிழைகள்தான் காரணம் என்று 1990களின் இறுதியிலேயே சிலர் வாதாடினார்கள். அந்தச் சின்னப் பிழைக்கோடு, தனித்தனி விண்மீன்கள் என்ற அனுமானத்தில் வந்தது.

பயிற்சிக்கும் அதே கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். களஞ்சியத்தில் வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் +24.12 பாகை என்று கொடுத்து, இரண்டு பாகை ஆரத்துக்குள், 15ஆம் பருமன் வரை இறக்குங்கள். சொந்த நகர்வு கிழக்கே ஆண்டுக்கு 20, தெற்கே 45 மில்லிவிகலையை ஒட்டி உள்ளவை உறுப்பினர்கள். படம் போட்டாலே தனித் திட்டாகத் தெரியும். இடமாறு தோற்றத்தை வைத்து யாரையும் சேர்க்கவோ தள்ளவோ வேண்டாம். சராசரி 7.36 மில்லிவிகலைக்கு அருகில் வரும்.

பிறகு சிதறலைப் பாருங்கள். ஒவ்வொரு விண்மீனின் பிழையும் 0.02, 0.03 என்று இருக்க, எண்கள் அதைவிடப் பல மடங்கு அகலமாகச் சிதறியிருக்கும். 136 பார்செக் தொலைவில் கூட்டத்துக்குள் 3 பார்செக் முன்னே பின்னே இருந்தாலே 0.16 மில்லிவிகலை வித்தியாசம் வரும். நீங்கள் பார்ப்பது கூட்டத்தின் கனம். இந்த நிலையில் பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை போடும் வழக்கமான சராசரி தவறு. ஒளிமிக்க சில விண்மீன்கள் தங்கள் இருப்பிடத்தையே கூட்டத்தின் மையமாக இழுத்துவிடும். எடை போடும் முன் ஒவ்வொரு பிழையின் வர்க்கத்தோடும் இந்த உள்சிதறலின் வர்க்கத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். உள்சிதறல் எவ்வளவு என்று தெரியாவிட்டால் அதையும் ஒரு தெரியாத எண்ணாக வைத்துத் தரவிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அடுத்த அத்தியாயம் அதற்குத்தான்.